எக்ஸ்டிசி இசைக்குழுவின் புதிய வெளியீடுகளை வாங்குவது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்து எக்ஸ்டிசி குழுவின் பாடல்களில் அண்மையில் மனம் பறிகொடுத்து, அவர்களுடைய தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழுவாக அவர்கள் பதிவு செய்த கடைசி ஆல்பமான 'வாஸ்ப் ஸ்டார்' 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனாலும் அவர்களுடைய பெயரில் புதிய வெளியீடுகள் நின்றபாடில்லை. ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் சந்தையில் கிடப்பதும், உறுப்பினர்கள் ஆளுக்கொரு திசையில் சிறிய அளவில் தட்டுகளை வெளியிடுவதும், எந்தப் பதிப்பில் என்ன இருக்கிறது என்பதைக் கடைகள் பாதி மட்டுமே எழுதுவதும் சேர்ந்து புதியவரைத் திணறடித்துவிடுகின்றன. இவை ஒவ்வொன்றோடும் முட்டி மோதித் தெரிந்துகொண்டவன் என்ற முறையில், நீங்கள் பணத்தையும் நேரத்தையும் வீணாக்காமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நான் பிரிட்டனில் இருந்து வாங்குகிறேன்; வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு 6ஆம் படி உதவும்.

1. 'புதியது' என்பதில் எத்தனை வகை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை, பழைய ஆல்பங்களின் மூல மல்டிட்ராக் டேப்புகளை (குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிவான டேப்புகளை) எடுத்து, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்து, அதாவது அவற்றைப் புதிதாகக் கலந்து தரும் பதிப்புகள். சிடியும் ப்ளூ-ரேயும் ஒரே உறையில் வரும். இந்த வரிசை ஆல்பங்கள் முதலில் வந்த ஆண்டு வரிசையில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள்: 'நான்சச்' 2013இல் வந்தது, அடுத்து 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' 2014, 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' 2015, 'ஸ்கைலார்க்கிங்' 2016, 'பிளாக் சீ' 2017. 'தி டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராடஸ்ஃபியர்' என்ற மாற்றுப் பெயரில் அவர்கள் செய்த பாடல்கள் 2019இலும், 'தி பிக் எக்ஸ்பிரஸ்' 2023இலும் வந்தன. சில ஆல்பங்களின் மல்டிட்ராக் டேப்புகள் காணாமற்போனதைப் பற்றி குழுவின் பாடகர் ஆண்டி பார்ட்ரிட்ஜே பலமுறை பேசியிருக்கிறார். டேப் கைக்குக் கிடைத்தால்தான் புதிய மிக்ஸ் செய்ய முடியும் என்பதால், அடுத்தது எது, எப்போது என்று யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. கடையில் முன்பதிவு திறக்கும்வரை எந்தச் செய்தியையும் நம்பிப் பணத்தை ஒதுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் வகை, புதிய மிக்ஸ் இல்லாமல், மாஸ்டரிங் (கலந்து முடித்த பதிவின் இறுதி ஒலிச் சீரமைப்பு) மட்டும் சீராக்கி மீண்டும் வரும் வினைல் இசைத்தட்டுகளும் சிடிகளும். பார்ட்ரிட்ஜின் சொந்த நிறுவனமான ஏப் ஹவுஸ் பெயரில் கனமான 200 கிராம் இசைத்தட்டுகளாக இவற்றில் பல வந்திருக்கின்றன.

மூன்றாம் வகை, உறுப்பினர்களின் தனி வெளியீடுகள். இவைதான் எளிதில் கைநழுவிப் போகிறவை என்பதால் 5ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. உங்கள் வீட்டுக் கருவி எதைப் பாடும் என்று பாருங்கள்

சிடியும் ப்ளூ-ரேயும் உள்ள பதிப்பை வாங்கினால், சிடியில் பொதுவாக வில்சனின் புதிய ஸ்டீரியோ மிக்ஸும் சில கூடுதல் பாடல்களும் இருக்கும். ப்ளூ-ரேயில்தான் 5.1 மிக்ஸ் (சுற்றிலும் வைத்த ஸ்பீக்கர்களுக்கான சரவுண்ட் ஒலி), பாட்டில்லாத வாத்திய மிக்ஸ், ஒத்திகைப் பதிவுகள், டெமோக்கள் எல்லாம் குவிந்திருக்கும். நீங்கள் பழகிய மூல மிக்ஸும் பெரும்பாலும் அந்த ப்ளூ-ரேக்குள்தான் இருக்கும். சிடி பிளேயர் மட்டும் உள்ளவர் இந்தப் பதிப்பை வாங்கிவிட்டு, 'நான் கேட்ட பாட்டு இப்படி இல்லையே' என்று வருந்துவது இதனால்தான்.

இந்த ப்ளூ-ரேயைச் சாதாரண டிவிடி பிளேயர் படிக்காது. ப்ளூ-ரே பிளேயர் வேண்டும், அல்லது தட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 போன்ற விளையாட்டுக் கருவி போதும். இரண்டே ஸ்பீக்கர் இருந்தாலும் அதிலுள்ள உயர்தர ஸ்டீரியோவைக் கேட்கலாம், 5.1 கேட்க அதற்குரிய ரிசீவரும் ஸ்பீக்கர்களும் தேவை. 'தி பிக் எக்ஸ்பிரஸ்' பதிப்பில் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதாகக் கேட்கும் டால்பி அட்மாஸ் மிக்ஸும் உண்டு. அதை முழுமையாகக் கேட்க அட்மாஸ் படிக்கும் ரிசீவர் அவசியம். ரிசீவர் இல்லாதவர் அட்மாஸ் என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டாம்.

வரிசையின் தொடக்கத்தில் வந்த சில ஆல்பங்களுக்கு டிவிடி-ஆடியோ சேர்த்த பதிப்பும் தனியாக உண்டு. உறையின் வடிவமைப்பு ப்ளூ-ரே பதிப்பைப் போலவே இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் செய்தால் வேறு பொருள் வந்து சேரும். பட்டியலில் 'சிடி மற்றும் ப்ளூ-ரே' என்று எழுத்தில் இருக்கிறதா என்று படித்த பிறகே கூடையில் போடுங்கள்.

3. 'ஸ்கைலார்க்கிங்'கில் தொடங்குங்கள், ஆனால் பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்

எதில் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 1986இல் வந்த இந்த ஆல்பத்தைத்தான். கோடைக்காலத்து ஒரு நாளைப் போல விரிந்து, ஒரு பாட்டு முடியும் இடத்திலேயே அடுத்தது முளைக்கும் அழகு இதில் இருக்கிறது. ஆனால் இந்தக் குழுவின் ஆல்பங்களில் அதிகம் பேர் தவறான பதிப்பை வாங்குவதும் இதில்தான்.

பல ஆண்டுகள் விற்ற பதிப்புகளில் ஒலியின் மின்முனைவு (polarity) தலைகீழாக இருந்தது. பதிவின் ஏதோ ஒரு கட்டத்தில் இணைப்பு மாறிப்போனதால், ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ள வேண்டிய இடத்தில் பின்னால் இழுத்தது. பாஸ் மெலிந்து, பாட்டு தூரத்தில் கேட்பதுபோல ஒலித்தது. மாஸ்டரிங் பொறியாளர் ஜான் டென்ட் இதைக் கண்டுபிடித்த பிறகு, திருத்திய இசைத்தட்டு 2010இலும் சிடி 2014இலும் ஏப் ஹவுஸ் வெளியீடாக வந்தன. வில்சனின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இந்தக் குறை இல்லை. ஆகவே 2010க்கு முந்தைய இசைத்தட்டையோ 2014க்கு முந்தைய சிடியையோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல் பிரதியாக வாங்காதீர்கள்.

பாடல் பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு. இக்குழு அமெரிக்காவில் பரவலாக அறியப்படக் காரணமான 'டியர் காட்' பாட்டு, பிரிட்டனில் வந்த முதல் தட்டில் இல்லை; அது 'கிராஸ்' சிங்கிளின் பின்பக்கத்தில்தான் இருந்தது. அமெரிக்காவில் பின்னர் அதைச் சேர்த்தபோது 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' பாட்டை எடுத்துவிட்டார்கள். 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. வாங்கும் முன் பின்னட்டைப் படத்தைப் பெரிதாக்கி இந்த இரண்டு பெயர்களையும் தேடுங்கள். இரண்டும் கண்ணில் பட்டால் மேற்கொண்டு செல்லலாம்.

4. எங்கே, எப்போது வாங்குவது

குழுவின் வெளியீடுகளும் உறுப்பினர்களின் வெளியீடுகளும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடம் நார்விச் நகரிலிருந்து இயங்கும் பர்னிங் ஷெட் என்ற இணையக் கடை. முதலில் அங்கே பாருங்கள், இருப்பு இல்லை என்றால் மட்டும் வேறிடம் போங்கள். பெரிய இணைய அங்காடிகளில் அதே தட்டு சில பவுண்டு குறைவாகத் தெரியலாம். ஆனால் அங்கே பல பதிப்புகள் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதால், ப்ளூ-ரே பதிப்பின் படத்தைக் காட்டிப் பழைய சிடி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம்.

புதிய இசை வெளியீடுகள் 2015 ஜூலை முதல் உலகெங்கும் வெள்ளிக்கிழமையன்று வருகின்றன. முன்பதிவு பொதுவாகச் சில வாரங்களுக்கு முன்பே திறந்துவிடும். கடையின் மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்துவைப்பது இலவசம், அதுவே போதும். முன்பதிவில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பல கடைகள் பொருளை அனுப்பும் நாளில் அல்லாமல், பதிவு செய்த உடனேயே முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்ளும். மற்றொன்று, முன்பதிவுத் தட்டையும் கையிருப்பில் உள்ள தட்டையும் ஒரே ஆர்டரில் போட்டால், எல்லாம் தயாராகும்வரை முழுப் பொட்டலத்தையும் நிறுத்திவைக்கும் கடைகள் உண்டு. அவசரமாக வேண்டியதைத் தனி ஆர்டராகப் போடுங்கள். தபால் செலவு இருமுறை ஆனாலும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டியிராது.

வெளியீட்டு நாள் தள்ளிப்போவது, குறிப்பாக இசைத்தட்டுகளுக்கு, சாதாரணமாக நடக்கிற ஒன்று. ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க நினைத்தால், முன்பதிவுப் பொருளை நம்பாமல் கையிருப்பில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

5. உறுப்பினர்களின் தனி வெளியீடுகளைத் தவறவிடாதீர்கள்

இவர்களுடைய தனி வெளியீடுகளில் பல நான்கு பாடல், ஐந்து பாடல் அளவிலான சிறு தட்டுகள். குறைந்த எண்ணிக்கையில் அச்சாகின்றன. தீர்ந்த பிறகு மறுபதிப்பு வரும் என்ற உறுதி இல்லை. பழைய பொருள் சந்தையில் விலை ஏறிவிடும். பெரிய ஆல்பத்தை அடுத்த மாதம்கூட வாங்கிக்கொள்ளலாம். சிறு தட்டைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்பது என் திடமான கருத்து.

ஆண்டி பார்ட்ரிட்ஜ், பிறருக்காக எழுதி அவர்கள் பயன்படுத்தாமல் விட்ட பாடல்களை 'மை ஃபெயில்ட் சாங்ரைட்டிங் கரியர்' என்ற பெயரில் வெளியிடத் தொடங்கினார். முதல் பகுதி 2021இல் வந்தது. ஜென் ஆலிவ், ஸ்டூ ரோ ஆகியோருடன் சேர்ந்து அவர் செய்த 'தி 3 கிளப்மென்' சிறு தட்டு 2023இல் வந்தது. இவற்றின் அட்டையில் எக்ஸ்டிசி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது என்பதால், தேடும்போது பாடகரின் பெயரையோ புதிய குழுவின் பெயரையோ கொடுங்கள்.

காலின் மோல்டிங்கும் டிரம்மர் டெர்ரி சேம்பர்ஸும் 'டிசி அண்ட் ஐ' என்ற பெயரில் 2017இல் நான்கு பாடல்கள் கொண்ட 'கிரேட் ஆஸ்பிரேஷன்ஸ்' தட்டை வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஸ்விண்டன் கலை மன்றத்தில் அவர்கள் நடத்திய கச்சேரிகளின் பதிவும் பின்னர் தட்டாக வந்தது. பல ஆண்டுகளாக மேடையையே துறந்திருந்த மோல்டிங் தன் ஊரில் பாடியதைக் கேட்க விரும்புகிறவர்கள் அந்தக் கச்சேரிப் பதிவைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2021இல் அவர் 'தி ஹார்டஸ்ட் பேட்டில்' என்ற சிங்கிளைத் தனியாக வெளியிட்டார். சேம்பர்ஸ் இப்போது 'எக்ஸ்டிசி' (XTC) என்றே ஒலிக்கும், ஆனால் எழுத்தில் மாறுபட்ட பெயருடைய (EXTC) ஒரு கச்சேரிக் குழுவை நடத்துகிறார். டிக்கெட் வாங்கும்போது மூலக் குழு மீண்டும் கூடிவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

டேவ் கிரெகரியின் கித்தாரைத் தொடர விரும்பினால், 2009 முதல் 2020 வரை அவர் வாசித்த 'பிக் பிக் டிரெய்ன்' குழுவின் ஆல்பங்களைப் பாருங்கள். தொடக்கக்கால கீபோர்டு கலைஞர் பேரி ஆண்ட்ரூஸின் 'ஷ்ரீக்பேக்' குழு தன் தட்டுகளைப் பெரும்பாலும் நேரடியாகவே விற்கிறது.

6. செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்

சிடி-ப்ளூ-ரே பதிப்பு ஒன்றுக்கு 20 பவுண்டை ஒட்டியும், இசைத்தட்டுக்கு அதற்குச் சற்று மேலும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் காட்டப்படும் விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பல கடைகள் இதைக் கழித்துவிடும்: 18 பவுண்டு தட்டு 15 பவுண்டு ஆகும். முகவரியை உள்ளிட்ட பிறகும் விலை மாறவில்லை என்றால், பணம் கட்டும் முன் கடைக்கு எழுதிக் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருப்பவர்கள், 2021 ஜூலை 1 முதல் எவ்வளவு சிறிய தொகையானாலும் தங்கள் நாட்டு வாட் உண்டு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கடை அதை ஆர்டரின்போதே வசூலித்துவிட்டால் தட்டு நேரே வீட்டுக்கு வரும். வசூலிக்காவிட்டால் தபால்காரர் வரியோடு கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்பார். இந்தியாவுக்கு கூரியரில் வரவழைப்பவர்களிடம் சுங்கத்துக்காக ஆதார், பாஸ்போர்ட் போன்ற கேஒய்சி (அடையாளச் சான்று) ஆவணத்தைக் கேட்பார்கள். ஆர்டரில் உள்ள பெயரும் ஆவணத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். முன்னெழுத்து மாறினால்கூடப் பொட்டலம் நின்றுவிடக்கூடும். 'பரிசு' என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரி இருக்காது என்ற பழைய ஆலோசனையைக் கேட்காதீர்கள். இந்தியா அந்தச் சலுகையை 2019 டிசம்பரிலேயே நீக்கிவிட்டது.

பிரிட்டனில் இருந்துகொண்டு ஜப்பான் அல்லது அமெரிக்கப் பதிப்பை வரவழைப்பவர்களுக்கு 135 பவுண்டு என்பது எல்லைக்கோடு. அதற்குள் என்றால் வாட் வழக்கமாக விற்கும் இடத்திலேயே சேர்ந்துவிடும். அதைத் தாண்டினால் எல்லையில் வரி கட்ட வேண்டும், கூடவே அஞ்சல் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் வரும். பல தட்டுகளை ஒரே பொட்டலத்தில் சேர்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

7. பழைய பிரதி வாங்கும்போது நான்கு படங்களைக் கேளுங்கள்

புதியது தீர்ந்துபோன பதிப்புகளுக்கு பழைய தட்டுகளைத் தனியாரும் கடைகளும் விற்கும் டிஸ்காக்ஸ் போன்ற இணையச் சந்தைகளே கதி. ஒரு தனியார் விற்பனையாளர் 'பிளாக் சீ' இரட்டைப் பதிப்பு என்று எனக்கு அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தபோது, அட்டையும் சிறு புத்தகமும் புத்தம்புதிதாக இருந்தன, சிடியும் கீறலின்றி மின்னியது. ப்ளூ-ரே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் குழி மட்டும் வெறுமையாக இருந்தது. விளம்பரத்தில் முன்னட்டைப் படம் ஒன்றே இருந்தது. 'எல்லாம் அதில் உள்ளபடியே' என்பதே அவர் சொன்ன பதில்.

ஆகவே முன்னட்டை, பின்னட்டை, திறந்த நிலையில் இரண்டு தட்டுகள், தட்டின் அடிப்பக்கம் ஆகிய நான்கு படங்களையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். இசைத்தட்டு என்றால், நடு லேபிளைச் சுற்றியுள்ள பாடலற்ற வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் கேளுங்கள். எந்த அச்சு என்பதை அட்டையைவிட அந்த எண்தான் நம்பகமாகச் சொல்லும்.

'இங்கிலிஷ் செட்டில்மென்ட்' ஆல்பத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1982இல் பிரிட்டனில் இரட்டைத் தட்டாக வந்த இது, அமெரிக்காவில் முதலில் பாடல்கள் குறைக்கப்பட்ட ஒற்றைத் தட்டாகவே வந்தது. மலிவாகக் கிடைத்தால் அது ஒற்றைத் தட்டா என்று முதலில் கேளுங்கள். 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' முதல் அச்சுடன் ஒரு சிறு சிங்கிள் தட்டு இலவசமாக வந்தது. முதல் அச்சு என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் அந்தச் சிங்கிள் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

8. ஆவணங்களைச் சேமியுங்கள், கெடுவைக் குறித்துவையுங்கள்

ஆர்டர் உறுதி மின்னஞ்சல், அனுப்பிய தகவல் மின்னஞ்சல், தயாரிப்புப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் போட்டுவையுங்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டியல் வாசகத்தைக் கடை பின்னர் மாற்றிவிட்டால், நீங்கள் எதை நம்பி வாங்கினீர்கள் என்பதற்கு அது ஒன்றே சான்று.

பிரிட்டனில் இணையக் கடையில் வாங்கிய பொருளைக் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மனம் மாறி ரத்து செய்யலாம். ஆனால் முத்திரையிட்ட இசைத்தட்டு, சிடி போன்றவற்றின் உறையைப் பிரித்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். அதனால் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் முன், மேலே ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும் பின்னட்டையையும் ஆர்டருடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பதிப்பு தவறு என்றால் உறை பிரிக்காமல் படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

தட்டில் குறை இருந்தால் கதை வேறு. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, உறை பிரித்திருந்தாலும், 30 நாளுக்குள் பொருளை மறுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆகவே தட்டை வாங்கி அலமாரியில் அடுக்கிவிடாமல், வந்த வாரத்திலேயே இரண்டு பக்கங்களையும் முழுதாக ஓடவிடுங்கள். ப்ளூ-ரேயில் ஒவ்வொரு பட்டியலையும் திறந்து பாருங்கள். வழியில் தொலைந்தாலும் உடைந்தாலும், அது உங்கள் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு கடையுடையதே. 'அஞ்சல் நிறுவனத்திடம் கேளுங்கள்' என்று கடை சொன்னால் ஏற்க வேண்டாம்.

தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. பேபாலில் 'பொருள் மற்றும் சேவை' என்ற வகையில் பணம் கட்டினால் 180 நாளுக்குள் புகார் செய்யலாம். கட்டணத்தை மிச்சப்படுத்த 'நண்பர்கள் மற்றும் குடும்பம்' வகையில் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுங்கள். கடன் அட்டை நிறுவனமும் பொறுப்பேற்கும் சட்டப் பாதுகாப்பு 100 பவுண்டைத் தாண்டிய பொருளுக்கே பொருந்தும் என்பதால், ஒற்றைத் தட்டுக்கு வங்கியிடம் சார்ஜ்பேக் (அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேட்பதே வழி. அதற்கும் கெடு உண்டு. விற்பனையாளரின் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திராமல், முதல் மின்னஞ்சலுக்கு ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் வங்கியிடம் எழுத்தில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.